தண்ணீர் இல்லாத கடலுக்கு ஒரு தீர்த்தவாரி

கையில் துணிப்பை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலிலேயே திருடனைப் போல நின்றிருந்தேன். மாசி மாதம் முடிகிற சமயம். வெயில் இறங்கியும் சூடு இறங்காத ஒரு சாயங்காலம்.

எதிரே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, செங்கல் அடுக்கிய சின்ன மேடை. அதன்மேல் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளிப்பூ சாத்திய ஒரு கல். உள்ளங்கையை விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய கல்.

அந்தக் கல்லைப் பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பக்கம் கொண்டுபோக வேண்டும். என் மனைவி அஞ்சலை கேட்டது அதுதான். கல்லைக் கண்டெடுத்தவள் அவள். அது என்ன கல் என்று தெரிந்த ஒருவர் வாயால் அவளுக்குத் தெரிய வேண்டும்.

மேடைக்குப் பக்கத்தில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து என் அக்கா பச்சையம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, பைய புடிச்சிக்கினு நிக்கிற? கடைக்கா?"

"ஆமாக்கா" என்றேன்.

கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய்விட்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த வெங்காயத்தோடு இன்னும் ஒரு கிலோ வெங்காயம் சேர்ந்தது. அஞ்சலை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வெங்காயம் நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

மண் மேடு

எங்கள் வாசல் பள்ளம். மழைக்காலத்தில் தெருத் தண்ணீரெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் விருந்தாளியாக வரும். ஒரு வருஷம் சலித்துப்போய் ஒரு லாரி மண் அடித்தேன். வழுதாவூர் பக்கம் யாரோ கிணறு வெட்டிய மண். சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக வந்து வாசலில் இறங்கியது. அதைப் பரப்பிவிட எனக்கு நேரம் இல்லை. பல மாதம் மேடாகவே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலைக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கனமான எதையும் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து கொல்லை வேலை செய்தவள். மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலையை ஆய்ந்து, மூட்டை கட்டிப் பழகிய கை. சும்மா உட்கார அந்தக் கைக்குத் தெரியவில்லை.

காலையில் மண் மேட்டுப் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒரு குச்சியால் கட்டிகளைத் தட்டி உடைத்துக்கொண்டிருப்பாள். மண்ணைப் பரப்புகிறாளாம். அப்படித் தட்டும்போது ஒரு கட்டி பிளந்து அந்தக் கல் வெளியே வந்தது.

கைமுறுக்கு போலச் சுருண்டிருந்தது. சுருள் முழுக்க வரி வரியாக மேடும் பள்ளமும். யாரோ உட்கார்ந்து செதுக்கினது போல.

வண்டி ஓட்டிவிட்டு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, இது இன்னா பாருங்க."

"கல்லு" என்றேன்.

"கல்லுன்னு எனக்கும் தெரியுது. இன்னா கல்லு?"

எனக்குத் தெரியவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். அவள் வேறு ஆட்களைக் கேட்க ஆரம்பித்தாள். சிலிண்டர் போட வந்தவர் நத்தை என்றார். ரேஷன் கடையில் நின்ற ஒருவர் பழைய கோயில் தூணில் உடைந்த துண்டு என்றார். ஆட்டுக்கொம்பு கல்லாகிவிட்டது என்றார் இன்னொருவர். எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு இல்லை என்று தலையாட்டுவாள்.

எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து அவள் இப்படி ஒன்றைத் தெரிந்துகொள்ளத் துடித்து நான் பார்த்ததில்லை. மகளுக்கு வந்த வரனைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

சோப்பு டப்பா

அஞ்சலையைப் பார்த்துக்கொள்ள அனந்தபுரத்திலிருந்து அக்கா வந்தாள். பத்து நாள் என்று சொல்லித்தான் வந்தாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். பத்து நாள் ஒரு மாதமாகி, மாமா ஏழுமலையும் துணிமணியோடு வந்து சேர்ந்தார்.

குறை சொல்லக்கூடாது. அக்கா வந்த பிறகுதான் அஞ்சலை நிம்மதியாகப் படுத்தாள். கேப்பைக் கூழும் கீரையுமாக ஆக்கிப் போட்டுத் தேற்றினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வாசல் கழுவும்போது குழாயடியில் இருந்த கல்லை அக்கா பார்த்தாள். போட்ட கூச்சலில் நான் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தேன்.

"ஐயோ ஐயோ! நாகாத்தா சுருண்டு படுத்துக்கினு இருக்கா, அவ தலமேல சோப்பு டப்பா வெச்சிருக்கீங்களேடி பாவிங்களா!"

அரை மணி நேரத்தில் கல்லுக்கு மஞ்சள் பூசி ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டதாம். அடுத்த வெள்ளிக்கு எதிர்வீட்டு அம்மா கற்பூரம் கொண்டுவந்தார். அதற்கடுத்த வெள்ளிக்குத் தெருவில் பாதிப் பெண்கள் வந்தார்கள். செங்கல் மேடை வந்தது. வேப்பிலை வந்தது.

அஞ்சலை எழுந்து நடமாடத் தொடங்கியபோது, அவள் கல்லை அவளே தொட முடியாதபடி ஆகிப்போயிருந்தது.

"அது எங் கல்லு அண்ணி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"உங் கல்லா? அவ தெருவுக்கே சாமிடி. நீ தேடி எடுத்தேன்னு நெனக்கிறியா? அவளா வந்தா."

அஞ்சலை அதோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குப் பேச்சு வராது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அது மட்டும் காரணமில்லை. அக்காவின் நடை மாறியிருந்ததை நான் பார்த்தேன். தெருப் பெண்கள் அவள் கையால் திருநீறு வாங்க வரிசையாக நின்றார்கள். அனந்தபுரத்து வீட்டில் அவளிடம் யாரும் எதற்காகவும் நின்று காத்திருந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்தச் சொன்னவர்கள்

நான் வேன் ஓட்டுகிறேன். வார நாட்களில் விடியுமுன்னே ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றித் திண்டிவனம் தாண்டி ஒரு கம்பெனியில் விடுவேன். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து, கோயில். அமாவாசை என்றால் மேல்மலையனூர், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை.

ஊர் சுற்றுகிற வேலை, கொடுத்து வைத்தவர் என்பார்கள். ஊர் சுற்றுகிறது வேன்தான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இடது தோள்பட்டையை இப்போதெல்லாம் காதுக்குமேல் தூக்க முடிவதில்லை.

ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் சவாரி வந்தது. கூட வந்தவர் மண்ணையும் கல்லையும் பற்றிப் பாடம் எடுக்கிற மேடம். முதலில் திருவக்கரை. மரங்கள் கல்லாகிக் கிடக்கிற இடம் அது. கோயிலுக்கு எத்தனையோ தடவை ஆட்களை இறக்கியிருக்கிறேன். அந்தக் கல்மரங்களை அன்றுதான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் தாண்டி, காரை என்கிற ஊர்ப் பக்கம். கோயில் இல்லை, குளம் இல்லை, டீக்கடை இல்லை. ஒன்றுமே இல்லாத ஒரு பொட்டலில் நிறுத்தச் சொன்ன முதல் சவாரி அவர்கள்தான். இறங்கியதும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள், கம்மலைத் தொலைத்தவர்கள் போல.

நான் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டேன். மேடம் வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணா, இறங்கி வாங்க. நீங்க வேன் நிறுத்தியிருக்கிற இடம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்தது."

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே வெறும் வெயில்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். நான் சவாரிக் கதை சொல்கிறவன் இல்லை. அன்று ஏதோ சொன்னேன். தரையில் சிப்பி சிப்பியாகக் கிடந்தது, சுருள் சுருளாகவும் சிலது இருந்தது என்றேன். அஞ்சலை குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்திருந்தாள்.

"சுருள்னா? நம்ம கல்லு மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"என்ன அங்க இட்டுக்கினு போறீங்களா?"

அவளாக வாய் திறந்து ஒரு ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கோ ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று மிஞ்சினால் கட்டிலைத் தவிர வேறு ஊர் தெரியாது. "பாக்கலாம்" என்றேன். பல வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் மேடத்துக்குப் போன் போடலாம் என்று முடிவானது. நம்பரை அழுத்துவேன், மணி அடிக்குமுன் நிறுத்திவிடுவேன். படித்தவர்களிடம் பேச எனக்கு நா எழாது. அஞ்சலை போனைப் பிடுங்கி அழுத்தி என் காதில் வைத்தாள்.

மேடம் நன்றாகவே பேசினார். "போட்டோ பார்த்துச் சொல்ல மாட்டேன் அண்ணா. சுருள் கல்லுல எத்தனையோ வகை. கையில வாங்கிப் பார்க்கணும். வர்ற ஞாயிறு பசங்களோட காரை போறேன். அங்க கொண்டுவாங்க. அக்காவும் இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் நான் வடக்கே வேலைக்குப் போயிடுறேன். திரும்பி வர வருஷங்களாகும்."

அக்கா என்று அவர் சொன்னது அஞ்சலையை. ஒன்று மட்டும் கறாராகச் சொன்னார். அங்கே இருப்பதைப் பார்க்கலாம், எதையும் எடுத்துவரக் கூடாது.

வேன் முதலாளி, டீசல் போட்டுக்கொண்டால் சரி என்று வண்டியைத் தந்துவிட்டார். எல்லாம் கூடி வந்தது. மிச்சம் இருந்தது சாமியை மேடையிலிருந்து எடுப்பது. அதற்குத்தான் பையோடு நின்றேன். உண்மையைச் சொன்னால், அக்கா முடியாது என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது.

மாசி மகத்து வேன்

எங்கள் பக்கத்தில் மாசி மகத்துக்குச் சாமிகள் கடலுக்குப் போகும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலம் மலையிலிருந்து முருகன் புறப்படுவார். ஊர் ஊராகச் சின்னச் சாமிகளும் மினி லாரியிலும் டிராக்டரிலும் பூ அலங்காரத்தோடு புறப்படும். சிலது புதுச்சேரிக்கு, சிலது மரக்காணத்துக்கு. கடற்கரையில் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பது போல சாமிகள் வரிசையாக நிற்கும். கடலில் முழுக்காட்டித் திரும்ப அழைத்து வருவார்கள். அதற்குப் பேர் தீர்த்தவாரி.

நான் வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவன். மணலில் சக்கரம் இறங்கி, சாமி தூக்க வந்தவர்கள் என் வேனைத் தூக்கிய வருஷமும் உண்டு.

வெங்காயம் வாங்கிய அன்று சாயங்காலமே அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஊரான் சாமிக்கெல்லாம் வண்டி ஓட்டின. உன் வூட்டு சாமி கடலப் பாக்காம கெடக்குது. மாசி மகம் போயிடுச்சு. இனிமே அடுத்த வருசந்தான்."

அஞ்சலை முறத்தோடு நிலைப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, பெரம்பலூர் பக்கம் ஒரு கடல் இருக்குதாம்."

"பெரம்பலூர்ல ஏதுடி கடலு?"

"இருந்துச்சாம். இவரு வண்டில போன மேடம் சொன்னாங்க. இப்ப தண்ணி மட்டும் இல்ல."

"தண்ணி இல்லன்னா அது எப்படிடி கடலு?"

"நம்ம ஏரில தண்ணி இருக்குதா? ஏரின்னுதான சொல்றோம்?"

அக்கா பூக்கட்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"நெசமாடா?"

"படிச்சவங்க சொன்னாங்கக்கா. அங்க இந்த மாதிரியே சுருண்டு சுருண்டு கெடக்குது."

அக்கா வெகுநேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அங்கதான் போவணும்னு இருந்திருக்கா. அதான் மாசி மகத்துக்கு நம்மள எழுந்திரிக்க வுடல."

மாமா பீடியைக் கையில் மறைத்துக்கொண்டு கேட்டார். "சரி, தீர்த்தவாரின்னா தண்ணி?"

"மரக்காணத்துல போயி ஒரு கேன் கடல் தண்ணி புடிச்சிக்கினு வா. இதெல்லாம் ஒரு பேஜாரா?" என்றாள் அக்கா.

அஞ்சலை முறத்தில் கல் பொறுக்கத் தொடங்கினாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. இவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

யார் யார் வருகிறார்கள்

இரண்டு பேர் போவதாக இருந்த பயணம் சாமி புறப்பாடு ஆகிவிட்டது. புறப்பாடு என்றால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு அம்மா வந்தார். அவர் வந்தால் அவர் தங்கை. வெள்ளிக்கிழமை வாடிக்கைகள் எல்லாரும் ஒவ்வொருவராக என்னிடம் வந்து "எடம் இருக்குமா தம்பி?" என்றார்கள். இல்லை என்ற சொல் என் வாயில் கடைசிவரை உருவாகவில்லை. வேன் நிறைந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் வாசலில் ஆலோசனை. புளிசோறா, எலுமிச்சை சோறா? மல்லாட்டைத் துவையல் வெயிலுக்குத் தாங்குமா? வாந்தி எடுக்கிறவர்கள் ஜன்னல் ஓரம். முன்சீட்டில் சாமியோடு அக்கா. போகும்போது விழுப்புரத்தில் பூ வாங்க வேண்டும்.

"அவ்வளவு தூரம் போறோம், சிறுவாச்சூர் காளியப் பாக்காமலா வர்றது?" என்றார் மாமா.

"அங்க திங்களும் வெள்ளியுந்தான் மாமா தொறப்பாங்க" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

"மேளம் வெச்சிக்கலாமா மச்சான்?"

"மேளம் வெச்சா நாகாத்தா மெரண்டுடுவா அண்ணே" என்று அஞ்சலை உள்ளிருந்து குரல் கொடுத்தாள். மேளம் நின்றது.

சனிக்கிழமை மேடம் போன் செய்தார். "வர்றீங்கதானே அண்ணா? நீங்களும் அக்காவும்?"

"ஆமா மேடம். இன்னும் கொஞ்சம் பேரும்."

சாமி வருவதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

வரி வரியாக நிலம்

உளுந்தூர்பேட்டை தாண்டுகிற வரைக்கும் பின்னால் பாட்டும் சிரிப்பும். பிறகு வெயில் ஏறி எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். கடைசி சீட்டில், கடல் தண்ணீர்க் கேன் உருளாதபடி இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு அஞ்சலை மட்டும் விழித்திருந்தாள்.

காரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாம்பலும் வெளுப்புமான மண். மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து, துணியைக் கசக்கி விரித்தது போல நிலம் முழுக்கச் சுருக்கம். ஒதுங்க ஒரு நல்ல மரம் இல்லை. எங்கள் பெண்கள் இறங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தார்கள்.

மேடமும் பிள்ளைகளும் தள்ளி நின்றிருந்தார்கள். அக்கா மஞ்சள் துணியில் சுற்றிய கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் கேனோடு மாமா. நான் மேடத்திடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் பூஜை இருக்குது மேடம்" என்றேன்.

அவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். "என்ன தண்ணி அண்ணா?"

"கடல் தண்ணி. மரக்காணத்துது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

அக்கா கல்லை ஒரு மண் மேட்டில் வைத்து, கேனைச் சாய்த்து மெல்ல ஊற்றினாள். மஞ்சளும் குங்குமமும் கரைந்து வழிந்தன. வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தண்ணீர் மண்ணில் பட்டதும் தெரியவில்லை, அப்படியே இழுத்துக்கொண்டது.

"இதுமேல கடல் தண்ணி பட்டு எத்தனை கோடி வருஷம் ஆச்சோ" என்றார் மேடம், யாருக்கும் இல்லாமல். பிறகு கேட்டார். "இதை யார் கண்டெடுத்தது?"

அக்கா கற்பூரம் தேடுவது போலப் பைக்குள் பார்த்தாள்.

"இவதான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அஞ்சலையைக் கையைப் பிடித்து முன்னால் விட்டேன்.

மேடம் ஈரக் கல்லை எடுத்து அஞ்சலையின் கையில் வைத்துவிட்டு, அவள் கையிலேயே வைத்துப் பார்த்தார். இது பாம்பு இல்லை, நத்தையும் இல்லை என்றார். அம்மோனைட் என்று பேர் சொன்னார். கடலில் இருந்த ஒரு உயிர். இன்றைக்கு இருக்கிற கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். வளர வளர முன்னால் ஒரு அறை கட்டிக்கொண்டு அதற்குக் குடிபோகும். பழைய அறையை அடைத்துவிடும். அப்படி அறை அறையாகக் கட்டித்தான் இந்தச் சுருள்.

"இருக்கிறதுலயே வெளி அறையிலதான் அது குடியிருக்கும்" என்றார்.

"அம்மோனைட்டு" என்றாள் அஞ்சலை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "உள்ள இருந்த அது எங்க மேடம்?"

"அது செத்துப்போச்சு அக்கா. கூடு மட்டும் மண்ணுல புதைஞ்சு கல்லாயிடுச்சு."

"செத்துப்போச்சா?" என்றது அக்காவின் குரல்.

முழுக்கு

அக்கா இரண்டடி பின்னால் போனாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இது பொணமா? இம்மாம் நாளா பொணத்துக்கா கற்பூரம் காட்டினேன்?"

"அப்படி இல்லம்மா..." என்று மேடம் ஆரம்பித்தார்.

மாமா குறுக்கே வந்தார். "ஏண்டி, சங்குகூட செத்ததோட கூடுதான். கோயில்ல வெச்சி ஊதல?"

"சங்கு ஊதறதுக்கு. இத நான் குளிப்பாட்டி, பொட்டு வெச்சி, சோறு காட்டியிருக்கேன்யா. பேர் சொல்லிக் கூப்புட்டிருக்கேன்." அஞ்சலையின் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். "அது செத்துக் கெடக்குதுன்னு எனக்குத் தெரியவே இல்லியே."

எதிர்வீட்டு அம்மா மெதுவாக, "அப்ப தீட்டுதான்" என்றார். தீர்ந்தது. தலை முழுகாமல் யாரும் வேனில் ஏறப் போவதில்லை.

குடிக்கிற தண்ணீர் ஒரு கேன்தான் இருந்தது. முழுகத் தண்ணீர் தேடி நான் பொட்டலில் நடந்தேன். தூரத்தில் ஒரு சோளக்கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைக்காரரிடம் என்னவென்று சொல்வது? "ஒரு சாவு" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் தொட்டியைக் காட்டினார்.

பெண்கள் முறை வைத்து முழுகினார்கள். அக்கா முதலில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு வரப்பில் தனியாக உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் அவளைச் சுற்றி உட்காரவில்லை. அடுத்த வெள்ளிக்கு அவளிடம் யாரும் திருநீறு வாங்க வரமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அஞ்சலை மட்டும் இன்னும் பொட்டலில் இருந்தாள். பிள்ளைகளோடு குனிந்து நடந்துகொண்டிருந்தாள். ஒன்றை எடுப்பாள், திருப்பிப் பார்ப்பாள், எடுத்த இடத்திலேயே வைப்பாள். களையெடுக்க, நாற்று நட அவள் குனிந்து எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அன்று குனிந்தது வேறு மாதிரி இருந்தது. போய்க் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் நின்றேன்.

அவளும் வந்து முழுகினாள். மேடம் விடைபெறும்போது அஞ்சலையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

"அந்தக் கல்ல நீயே வெச்சிக்கோ" என்றாள் அக்கா, அவளைப் பார்க்காமல். "வாசல்ல மட்டும் வேணாம்."

திரும்பும்போது முன்சீட்டில் இடம் மாறியது. அஞ்சலை கல்லை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா நேர் பின்னால். ஈரத் தலைகளோடு எல்லாரும் தூங்கிப்போனார்கள். எனக்குத் தோள்பட்டை விண் விண்ணென்று தெறித்தது. பெரம்பலூர் தாண்டியிருப்போம். அக்கா முன்னால் சாய்ந்தாள்.

"அஞ்சல. வெளி ரூம்புலதான் இருக்கும்னாங்களே. மத்த ரூம்பெல்லாம்?"

"காலியா கெடக்கும் அண்ணி. அடைச்சிடும்."

"திரும்பிப் போவாதா?"

"போவாதாம்."

அக்கா இன்னும் முன்னால் குனிந்து கல்லைப் பார்த்தாள். "அதும் பாவம், தனியாத்தான் கெடந்திருக்குது. எந்த ரூம்பு கடசி?"

அஞ்சலை திரும்பி அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, ஒரு விரலை எடுத்துச் சுருளின் நடுவில் வைத்தாள். அங்கிருந்து வரி வரியாகச் சுற்றிக்கொண்டே வெளியே கொண்டுவந்தாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இதோ, இங்கதான் அண்ணி. கடசியா இங்கதான் இருந்துச்சு."

விரல் அங்கேயே வெகுநேரம் இருந்தது. பிறகு அக்கா பெருமூச்சு விட்டாள்.

"தொட்டுட்டேன். இன்னொரு தரம் முழுகணும்டா தம்பி."

"செரிக்கா" என்றேன். இரண்டு பக்கமும் கொல்லைகளில் எங்கே மோட்டார் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.